எந்த வயதில் நிகாஹ்?

 

மகளுக்கு எந்த வயதில் நிகாஹ் செய்யலாம் எனத் தந்தையர் எம்மிடம் வினவுகின்றனர். தமக்கு எப்போது என வினவ வாலிபர்களோ வெட்கப்படுகின்றனர்.

எமது ஷாபிஈ மத்ஹபில், வேறு அடையாளம் தோன்றாவிடினும் 15 வயது பூர்த்தியானவர் பாலிகாகிறார். அத்துடன் விடயம் முடிந்தது என எண்ணிவிடாதீர்கள். ஸூரா அந்நிஸாவின் 6ஆவது வசனத்தை எடுத்துப் பாருங்கள். அநாதைகளைத் திருமணப் பருவம் வரை சோதித்து, அவர்களிடம் 'ருஷ்து' எனும் அறிவு முதிர்ச்சியைக் கண்டால் மாத்திரமே அவர்களது சொத்தை ஒப்படைக்குமாறு அல்லாஹ் பணிக்கின்றான். வயற்காணியை ஒப்படைக்கவே இத்தனை நிதானம் என்றால், ஒரு குடும்பத்தை ஒப்படைக்க எத்தனை நிதானம் வேண்டும்!

'நல்ல இடம் வந்தது' என்று சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னரே மகளைப் பாடசாலையிலிருந்து நிறுத்தும் தந்தையே! 1995இல் நாட்டின் பொது விவாகச் சட்டம் வயதெல்லையை 18 ஆக உயர்த்தியபோது அது எம்மைக் கட்டுப்படுத்தவில்லை. சட்டம் தடுக்காத இடத்தில் உமது தக்வா தடுக்க வேண்டாமா? கன்னியின் மௌனம் அவளது சம்மதம் என ஹதீஸில் வந்துள்ளது உண்மையே. ஆனால், வாப்பாவுக்குப் பயந்து வாயடைத்து நிற்பவளின் மௌனம் அதுவன்று.

தாமதம் வேறொரு நோய். சென்ற வருடம் ஜும்ஆவின் பின் ஒரு சகோதரர் எனக்காகக் காத்திருந்தார். வயது 34. கட்டாரில் பத்து வருடங்கள் உழைத்து இரு தங்கையருக்கு வீடு கட்டிவிட்டார். மூன்றாவது வீட்டுக்குக் கூரை இல்லை. அதுவரை தமக்கு நிகாஹ் இல்லை என்றார். சக்தியுள்ள வாலிபர் மணமுடிக்கட்டும் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். அச்சக்தி மாமனார் கட்டித் தரும் வீடா? அலீ (ரழி) அவர்கள் பாத்திமா (ரழி) அவர்களுக்குத் தமது போர்க்கவசத்தையே மஹராகக் கொடுத்தார்கள்.

இதனை அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மௌலவி, நீங்கள் வீடு எடுக்கவில்லையா?" என்றார்.

எடுத்தேன். எனது மாமனார் கடன்பட்டுக் கட்டிய வீட்டிலேதான் நான் குடியிருக்கிறேன். அக்கடனின் மீதியைச் சென்ற றமழான் முதல் மாதாமாதம் நானே கட்டி வருகிறேன். அது முடிய இன்னும் நாளாகும், துஆச் செய்யுங்கள். வஸ்ஸலாம்.