லேயிலிருந்து இறங்கி வந்த வழி

மாணவ நண்பர்களே, பிரயாணத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் புறப்பட்ட நாளைப் பற்றியும் போய்ச் சேர்ந்த இடத்தைப் பற்றியுமே பெரும்பாலும் பேசுவார்கள். திரும்பி வந்த வழியைப் பற்றிப் பேசுவோர் குறைவு. இன்று நான் சொல்லப்போவது அந்த வழியைப் பற்றித்தான்.

முதுகில் ஒரு பையைச் சுமந்துகொண்டு மூன்று வாரம் லடாக்கில் சுற்றினேன். கணவாய்களை நடந்தே கடந்தேன். கிராமத்து வீடுகளில் தங்கினேன். செப்டம்பர் மாதத்தில், கைப்பணம் கரைந்திருந்த நேரத்தில், தில்லிக்குத் திரும்ப வேண்டியிருந்தது. விமானத்தில் வந்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். பஸ்ஸில் வந்தால் ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர், ஒன்றரை நாள். பணம் இல்லாத காரணத்தால்தான் பஸ்ஸில் ஏறினேன். அதனால் விளையக்கூடிய நன்மைகளை முன்கூட்டியே அறிந்து ஏறியவன் அல்லன்.

விடியுமுன் லே நகரை விட்டுப் புறப்பட்டோம். சிறிது தூரம் சிந்து நதி எங்களோடு வந்தது. உப்ஷி என்னும் ஊரில் அதைப் பிரிந்து தெற்கே திரும்பியதும் ஏற்றம் தொடங்கியது. தங்லங் கணவாயின் உயரம் 5,328 மீட்டர். அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறையப் பாதிதான். அங்கு ஐந்து நிமிஷம் பஸ் நின்றது. எஞ்சியிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, வெறும் பிளாஸ்டிக் புட்டியை இறுக மூடிப் பைக்குள் வைத்தேன்.

என் பக்கத்து ஆசனத்தில் நடுவயதுள்ள ஒருவர் அமர்ந்திருந்தார். ஜார்க்கண்டைச் சேர்ந்த சாலைத் தொழிலாளி. வேலைக் காலம் முடிந்து ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். என் பை என் மடியில் இருந்தது. அவருடைய போர்வை மூட்டை அவர் மடியில் இருந்தது. எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் பேச்சுத் தொடங்கியது.

"இங்கே என்ன வேலையாக வந்தீர்கள்?" என்று கேட்டார்.

"வேலை ஒன்றும் இல்லை. பார்க்க வந்தேன்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சிறிது நேரம் யோசித்துவிட்டு, "எல்லாம் பார்த்தீர்களா?" என்று கேட்டார்.

பார்த்தேன் என்று பெருமையுடன் சொன்னேன்.

மோரே சமவெளியைக் கடந்து, பாங்கில் உணவு உண்டு, மீண்டும் ஏறி இறங்கினோம். காட்டா வளைவுகள் என்று பெயர் பெற்ற 21 கொண்டை ஊசித் திருப்பங்களில் பஸ் மெல்ல ஊர்ந்து இறங்கியது. பள்ளத்தாக்கின் அழகில் எல்லோரும் மெய்ம்மறந்திருந்தபோது, அந்தத் தொழிலாளி மட்டும் மறுபுறம் திரும்பிச் சாலையோரத்துக் கற்சுவர் ஒன்றைப் பார்த்தார். "இது இந்த வருஷம் நாங்கள் கட்டியது" என்றார். அவ்வளவுதான். பஸ் திரும்பியது, சுவர் மறைந்தது.

அந்தச் சாலை ஆண்டுதோறும் பனியில் மூடுகிறது. உருகும் நீர் விரிசல்களில் புகுந்து, இரவில் உறைந்து, பருத்து, சாலையைப் பிளக்கிறது. ஆகவே, ஒருமுறை போட்டு முடித்த சாலை என்று அங்கே ஒன்று இல்லை. எல்லைச் சாலை அமைப்பின் கீழ் வெளிமாநிலங்களிலிருந்து வரும் தொழிலாளர்கள் பலர் ஒவ்வொரு கோடையிலும் அதைச் செப்பனிடுகிறார்கள். மூன்று வாரமாக அந்தச் சாலைகளில் போய்வந்த நான், மலைகளைப் படம் பிடித்திருந்தேன். மடங்களைப் படம் பிடித்திருந்தேன். ஒரு கற்சுவரைக்கூட நின்று பார்த்ததில்லை. "எல்லாம் பார்த்தீர்களா?" என்ற கேள்விக்கு நான் சொன்ன விடை பொய் என்பது அப்போதுதான் விளங்கியது.

பரலாச்சா கணவாயைத் தாண்டியதும் சூரஜ் தால் என்னும் ஏரியைக் கண்டோம். பாகா நதி அங்கே பிறக்கிறது. ஓடையாகத் தொடங்கிய அந்நதி எங்களோடு இறங்கி வந்து, தாண்டியில் சந்திரா நதியோடு கலந்து, சந்திரபாகா ஆயிற்று. அதுவே பின்னர் செனாப் எனப்படுவது. இரவில், 2020ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கத்தைக் கடந்தோம். முன்பெல்லாம் 3,978 மீட்டர் உயரமுள்ள ரோதாங் கணவாயில் ஏறித்தான் இறங்க வேண்டும். சுரங்கத்தின் மறுபுறத்தில் பியாஸ் நதி எங்களுக்குத் துணையாக வந்தது.

பூகோள பாடத்தில் இந்த மூன்று நதிகளின் பெயர்களையும் நாம் மனப்பாடம் செய்திருக்கிறோம். பியாஸ் சட்லெஜில் சேருகிறது. சட்லெஜ் செனாபோடு கூடுகிறது. அந்த நீர்வழி சிந்துவில் கலக்கிறது. காலையில் நாங்கள் பிரிந்து வந்த அதே சிந்து! படத்தில் வெறுங்கோடுகளாய் இருந்தவற்றை அன்று உடம்பின் குலுக்கத்தோடு கற்றுக்கொண்டேன்.

மறுநாள் தில்லியில் இறங்கியபோது பையைத் திறந்தேன். கணவாயின் உச்சியில் மூடிய புட்டி, யாரோ கையால் கசக்கியதுபோல் ஒடுங்கிக் கிடந்தது. உள்ளே இருந்தது மலைக்காற்று; வெளியே இருந்தது சமவெளியின் கனத்த காற்று. எவ்வளவு உயரத்திலிருந்து இறங்கி வந்தோம் என்பதை எந்தக் கருவியும் அதைவிடத் தெளிவாகச் சொல்லியிராது.

தொழிலாளி ரயில் நிலையத்துக்கு வழி விசாரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு இன்னும் ஒரு நாள் பிரயாணம் பாக்கி. நான் விடைபெறும்போது, "அடுத்த வருஷமும் வருவீர்களா?" என்று கேட்டேன். "சாலை உடையுமே, வராமல் முடியுமா?" என்றார்.

நண்பர்களே, விடுமுறையில் நீங்களும் பை தூக்கிப் புறப்படுவீர்கள், புறப்படத்தான் வேண்டும். திரும்பும்போது ஒருமுறையேனும் தரைவழியே வாருங்கள். பார்த்தவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்கவும், பார்க்கத் தவறியவற்றைப் பக்கத்து ஆசனத்துக்காரரிடம் கேட்டறியவும் அந்த நீண்ட வழியில் நேரம் கிடைக்கும். ஒடுங்கிய அந்தப் புட்டி இன்றும் என் மேஜைமேல் இருக்கிறது. அதைக் காணும்போதெல்லாம் மலை என் நினைவுக்கு வருவதில்லை. ஒரு கற்சுவர்தான் வருகிறது.