கைப்பேசிச் சந்தையில் நம் கிராமப் பொருள்கள்

(காட்டுப்பள்ளி வட்டார ஊராட்சி உறுப்பினர்கள், விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு என்பது நம் பெரியோர் வாக்கு. வாங்குவோர் அதே தெருவில் இருப்பாராயின் பூவின் மணமே போதும். ஆனால் நாம் பிடிக்கும் இறாலையும் நண்டையும், பொன்னேரி வட்டத்தில் நாம் விளைவிக்கும் நெல்லையும் உண்போர் பலர் தெற்கே சென்னை மாநகரில் இருக்கின்றனர். பொருள் பல கை மாறியே அவர்களிடம் போய்ச் சேருகிறது. அவர்கள் கொடுக்கும் விலைக்கும் நம் கைக்கு வரும் விலைக்கும் உள்ள இடைவெளியை நாம் அறிவோம். அதைக் குறைக்கச் சமூக ஊடகங்களை எவ்வாறு பயன்படுத்துவது என்பதே இன்று நாம் சிந்திக்க வேண்டியது.

ஊரின் பெயரால் பொருள் விற்பது இக்கரைக்குப் புதிதன்று. நமக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613இல் கோட்டை கட்டி, துணிகளைக் கீழ்த்திசைத் தீவுகளுக்குக் கப்பலேற்றினர். மலாய் மக்கள் கட்டம் போட்ட கைலியை இன்றும் ‘காயின் பெலிகாட்’ என்றே அழைக்கின்றனர். பழவேற்காட்டின் பெயரே அங்கு அவ்வாறு மருவி வழங்குகிறது. நல்ல பொருள் தன் ஊரின் பெயரைக் கடல் கடந்தும் கொண்டுசெல்லும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இன்றோ, காட்டுப்பள்ளி என்றதும் வெளியூரார் துறைமுகத்தை நினைக்கின்றனர். நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் தருவதற்காக 2010இல் தொடங்கப்பட்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தை நினைக்கின்றனர். இங்கே வலை வீசுவோரும் உழுவோரும் உண்டு என்பதை நாம் சொன்னாலன்றிப் பிறர் எங்ஙனம் அறிவர்?

புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார், தாத்தாவும் பேரன்மாருமாக வயல்வெளியில் சமைப்பதைப் படமெடுத்து, 2018 முதல் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ என்ற பெயரில் யூடியூபில் வெளியிட்டனர். 2021இல் அதன் சந்தாதாரர் ஒரு கோடியைத் தாண்டினர். அவர்கள் காட்டியது தம் ஊரையும் தம் உழைப்பையுமே. அதுபோல் நாமும் படகு கரை சேருவதையும், களத்தில் நெல் தூற்றுவதையும் உள்ளது உள்ளபடி காட்டினால் போதும்.

எனினும், ஒரு கோடிப் பேர் பார்க்க வேண்டுமென்ற ஆசை நமக்கு வேண்டா. தவறாது வாங்கும் நூறு குடும்பங்களே நமக்குப் பெருஞ்செல்வம். வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்த்து ஒரே செய்தியை அனுப்பலாம். ஆனால் நம் எண்ணைத் தம் கைப்பேசியில் பதிந்து வைத்தவருக்கே அது போய்ச் சேரும். ஆகவே வாங்குவோரின் இசைவு பெற்று, எண்ணைப் பதியச் செய்தல் முதல் வேலை.

படத்துடன் பொருளின் பெயர், பிடித்த இடம், நேரம், எடை, விலை ஆகியவற்றைத் தெளிவாக எழுத வேண்டும். பழைய படத்தை இன்றைய மீனுக்குப் போடலாகாது. முன்னதாகவே தேவையைக் கேட்டறிந்து, கொடுக்க இயலும் அளவிற்கே ஒப்புக்கொள்ள வேண்டும். மீனின் எடைக்கு ஈடான பனிக்கட்டி இட்டு அனுப்பல் நன்று. பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை. அதைக் கேட்பவன் மோசக்காரன் என்று அறிக.

எல்லாவற்றிலும் பெரிது வாய்மை. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. அப்படங்கள் கைப்பேசிகளில் விரைந்து பரவின. மீன் வாங்குவோர் தயங்கினர். நம் பெயரைப் பரப்பும் அதே கருவி நம் துன்பத்தையும் பரப்பும். அத்தகைய நாளில் என் செய்வது? மறைப்பது தகாது. “இந்நீரில் பிடித்ததை இன்று விற்கவில்லை” என்று நாமே முதலில் அறிவிக்க வேண்டும். நேர்ந்த இழப்புக்கு ஈடு கேட்பது நம் உரிமை; கெட்ட மீனை விற்பது நம் உரிமை அன்று. கெட்ட நாளில் உண்மை சொன்னவரின் சொல்லையே நல்ல நாளில் மக்கள் நம்புவர்.

இப்பணியைத் தனியொருவராகச் செய்தல் அரிது. மகளிர் சுய உதவிக் குழுவும் விவசாயிகளும் மீனவரும் ஒன்றுகூடி, ஒரே பெயரில் விற்பனை செய்யலாம். பயிற்சி பெற்ற இருவர், முத்திரையிட்ட தராசு, பொதுவான பனிக்கட்டிப் பெட்டி, குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு ஆகியவை இருந்தால் தொடங்கிவிடலாம். உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவும் பெறுதல் வேண்டும். ஊராட்சி உறுப்பினர்கள் இதற்கு முன்நின்று உதவுவார்களாக.

நம் முன்னோர் காலத்தில் ஊரின் பெயரைத் துணி சுமந்து சென்றது. இனி நம் மீனும் நெல்லும் சுமக்கட்டும். அப்பெயருக்குக் களங்கம் வாராமற் காப்பது நம் கடமை.