தண்டப்பணத்தோடு தீர்ந்துவிடுமா?

(கண்டியில் பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பல்கலைக்கழகத்தில் பயிலும் பிள்ளையைச் சிறு பொட்டலம் கஞ்சாவுடன் பொலிஸார் பிடித்துச் சென்றனர் என்ற செய்தி வந்தால் நாம் செய்ய வேண்டியது யாது? ஹந்தானையிலும் கலஹாவிலும் புசல்லாவையிலும் கொழுந்து கொய்து, பிள்ளையைப் பேராதனைக்கு அனுப்பிய குடும்பத்துக்கு அச்செய்தி இடியன்றோ?

நம் வீட்டுக்கு அது வராது என்று எவரும் இறுமாந்திருக்க வேண்டாம். 2023 டிசம்பர் 17 இல் தொடங்கிய 'யுக்திய' நடவடிக்கையில் பல்லாயிரவர் கைதாயினர். 2024 ஜனவரியில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்களே அதனை நிறுத்துமாறு கோரினர். அத்தகைய வலையில் வியாபாரியும் சிக்குவான். விளையாட்டாய்ப் புகைத்த சிறுவனும் சிக்குவான்.

கஞ்சாவுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. பிள்ளை பிழை செய்திருக்கலாம். ஆனால், ஒரு பிழைக்கு ஒரு வாழ்வையே விலையாகக் கொடுப்பதா? அதுவே நம் கேள்வி.

செய்தி வந்ததும் கையை ஓங்காதீர்கள். "வெளியே எடுத்துத் தருகிறேன்" என்று வரும் இடைத்தரகனை நம்பாதீர்கள். சட்டத்தரணியை நாடுங்கள். வசதியற்றோருக்குக் கண்டியிலேயே சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் உண்டு. 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்துவதே பொது விதி. பொலிஸாரிடம் செய்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிரான சான்றாக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு இடமளிக்காது. எனினும், விளங்காத சிங்களத்தில் எழுதிய தாளில் பிள்ளை கையொப்பமிட வேண்டாம். வாசித்து, தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்கட்டும். நீதிமன்றத்திலும் மொழிபெயர்ப்பு அரசு இடும் பிச்சையன்று. அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை தந்த உரிமை!

அடுத்தது, எந்தப் பொருள் என்று அறியுங்கள். கஞ்சா வேறு, ஹெரோயினும் ஐஸும் வேறு. அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின் 54அ பிரிவில் வழக்கு விழுந்தால் நீதவான் பிணை வழங்க முடியாது. மேலுள்ள நீதிமன்றத்துக்கே செல்ல வேண்டும். ஏனைய வழக்குகளில், பிணை வழங்குவதே விதி, மறுப்பது விலக்கு என்பது 1997 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின் கொள்கை. 2014 இல் போகம்பறைக் கைதிகள் பல்லேகலைக்கு மாற்றப்பட்டனர். மதில்தான் மாறியது, விளக்கமறியலில் இளைஞன் பழகும் கூட்டம் மாறவில்லை. பிணைக்கு முயல்வது அதனாலேயே அவசரம்.

இனி, முக்கியமானதைச் சொல்லுகிறோம். "குற்றவாளி என்று சொல்லித் தண்டப்பணத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போ" என்பார்கள். மலிவான வழிபோல் தோன்றும். தண்டப்பணம் ஒரு நாளில் தீரும். குற்றத்தீர்ப்போ பதிவில் நிற்கும். அரசாங்க உத்தியோகத்துக்கும் வெளிநாட்டு விசாவுக்கும் விண்ணப்பிக்கும்போது அது எதிரே வந்து நிற்கும். எனவே, வழக்கை ஆராயாமல் குற்றத்தை ஏற்க வேண்டாம். சான்று வலுவாயின், 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 306 ஆம் பிரிவை நீதவானிடம் எடுத்துரைக்குமாறு சட்டத்தரணியைக் கேளுங்கள். எதிரியின் வயது, நடத்தை, முன் வரலாறு, குற்றத்தின் சிறுமை ஆகியவற்றைக் கருதி, குற்றத்தீர்ப்பளிக்காமலே எச்சரித்தோ நிபந்தனையுடனோ விடுவிக்க அப்பிரிவு இடந்தருகிறது. அது நீதவானின் விருப்புரிமை. கேளாதார்க்குக் கிட்டுவது அரிது. விரிவுரையாளரின் நற்சான்றும், சிகிச்சை பெறும் சான்றும், மன்றில் உடன் நிற்கும் தாய் தந்தையரும் அவ்வேண்டுகோளுக்கு வலுவூட்டுவர்.

பழக்கம் பற்றியிருந்தால் மறைக்காதீர்கள். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். நோய்க்கு வேண்டியது மருந்து. மானம் போயிற்றென்று பிள்ளையை வீட்டைவிட்டு விரட்டுவது மருந்தாகாது.

தோட்டந்தோறும், தெருத்தோறும் ஒரு சட்டத்தரணியின் பெயரை இன்றே குறித்து வையுங்கள். தமிழில் வாக்குமூலம் எழுதும் உத்தியோகத்தர் ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் வேண்டுமென நாம் ஒன்றுகூடிக் கேட்போம். வழுக்கிய பிள்ளையைப் பழிக்க ஊரே இருக்கிறது. தூக்கி நிறுத்த நாமன்றி யாருளர்?