கொதிக்க வைத்தால் போதுமா?

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியின் நிறைவு நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் கல்லூரியில் சுற்றுச்சூழல் சுகாதாரம் கற்பிப்பவன். உங்களிடம் பன்னிரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு வரும் பிள்ளைகள்தான் என் வகுப்பில் வந்து அமர்கிறார்கள். எனவே இன்று நான் சொல்லப்போவது நம் இரு தரப்புக்கும் பொதுவானது.

முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு கேள்வி கொடுப்பது என் வழக்கம். ‘ஓர் ஊரில் ஆழ்துளைக் கிணற்று நீரையே எல்லாரும் குடிக்கிறார்கள். குழந்தைகள் பலருக்குப் பற்களில் பழுப்புக் கறை. நீங்கள் என்ன செய்வீர்கள்?’ பெரும்பாலான விடைத்தாள்களில் ஒரே வரிதான் இருக்கும்: ‘நீரைக் கொதிக்க வைத்து, ஆற வைத்துக் குடிக்குமாறு அறிவுறுத்துவேன்.’ அந்த வரியைக் கண்டால் நானும் பழக்கத்தில் அரை மதிப்பெண் போட்டுவந்தேன்.

ஒருநாள் தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்த மாணவி எழுந்தார். “சார், கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஃப்ளூரைடு உப்பாயிற்றே, அது எங்கே போகும்? தண்ணீர்தானே ஆவியாகிறது?” என்று கேட்டார்.

அவர் சொன்னது சரி. கொதிக்கக் கொதிக்க நீர் குறையும். ஃப்ளூரைடு அப்படியே தங்கும். மிஞ்சும் நீரில் அதன் அடர்த்தி கூடவே செய்யும். நாங்கள் சொன்ன மருந்து நோயை வளர்க்கும் மருந்து!

வகுப்பு முடிந்ததும் அந்த மாணவி என்னிடம் வந்தார். வாயைக் கையால் மறைத்தபடியே பேசினார். அவர் பற்களிலும் அதே கறை. “ஐந்தாம் வகுப்பில் தினமும் பிரேயரில் பல்லைக் காட்டச் சொல்வார்கள் சார். நான் இரண்டு வேளையும் பல் துலக்குவேன். ஆனாலும் துலக்கவில்லை என்று தனியாக நிறுத்துவார்கள். அன்றிலிருந்து நான் வாய்விட்டுச் சிரித்ததில்லை” என்றார்.

அந்த ஆசிரியரை நான் குறைகூற வரவில்லை. பிள்ளை சுத்தமாக இருக்கவேண்டும் என்ற அக்கறையில்தான் அவர் செய்தார். ஆனால் இரண்டு கேள்விகள் அங்கே எழவில்லை. ஒன்று, ‘இந்தத் தெருவுப் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் கறை?’ இன்னொன்று, ‘துலக்கியும் ஏன் போகவில்லை?’ பல் எனாமல் உருவாகும் இளம் வயதில் மிகுதியான ஃப்ளூரைடு உடலில் சேர்ந்தால், குறை எனாமலுக்குள்ளேயே அமைந்துவிடும். பிரஷ்ஷால் அதைத் தேய்த்து எடுக்க முடியாது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு நீரே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. கண்ணாடி போல் தெளிந்த நீரிலும் அதைவிட அதிகம் இருக்கலாம். நிறமோ மணமோ காட்டிக்கொடுக்காது.

லண்டனில் 1854இல் காலரா பரவியபோது, பிராட் தெருக் குழாய் நீரே காரணம் என்றார் மருத்துவர் ஜான் ஸ்நோ. கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்று பலரும் நம்பிய காலம் அது. இந்தக் கதையை நாம் பாடத்தில் சொல்வதுண்டு. ஹென்றி ஒயிட்ஹெட் என்ற பாதிரியாரைப் பற்றிச் சொல்வதில்லை. ஸ்நோ சொல்வது தவறு என்று காட்டத்தான் அவர் வீடு வீடாக விசாரித்தார். யார் அந்த நீரைக் குடித்தார்கள், யார் குடிக்கவில்லை என்று கேட்டுக் குறித்தார். கிடைத்த சான்றுகள் ஸ்நோவின் பக்கமே நின்றன. அவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். நோய் தொடங்கிய வீட்டைக் கண்டறிந்தவரும் அவரே. ஆராய்ந்து சிந்திப்பது என்றால் எனக்கு அவர்தான் நினைவுக்கு வருகிறார்.

நம் மாணவர்களுக்கு அறிவு குறைவில்லை. ‘நீர் ஆவியாகும், உப்பு தங்கும்’ என்பதை உங்கள் வகுப்பிலேயே உப்பளப் பாடத்தில் படித்துவிட்டார்கள். ‘கொதிக்க வைத்த நீர் நல்லது’ என்பதையும் படித்தார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்படி அவர்களை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். புதிய பாடவேளை எதுவும் வேண்டாம். பிள்ளை சரியான விடை சொன்ன பிறகும் மூன்று கேள்விகள் கேளுங்கள். ‘உனக்கு எப்படித் தெரியும்?’ ‘வேறு காரணம் இருக்குமா?’ ‘எதைக் கண்டால் உன் விடையை மாற்றிக்கொள்வாய்?’ மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் பதில் சொல்லும். பள்ளிக் குடிநீர் எங்கிருந்து வருகிறது, கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள் என்று எட்டாம் வகுப்பு மாணவர்களை விசாரித்துவரச் சொல்லுங்கள். அதைவிட நல்ல செயல்திட்டம் இல்லை.

அந்த விடைக்கு நான் இப்போது மதிப்பெண் தருவதில்லை. ‘ஏன்?’ என்று எழுதித் தாளைத் திருப்பித் தருகிறேன். அந்தக் கேள்வியை என்னிடம் வருவதற்கு முன்பே, உங்கள் வகுப்பிலேயே பிள்ளைகள் கேட்கப் பழகட்டும்.