மெல்லக் கற்பவளும் நல்ல நர்ஸ் ஆவாள்

(திண்டுக்கல் சமவெளிக் கிராமமொன்றில், ஐக்கிய நாணய சங்க அங்கத்தினர் கூட்டத்தில் இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று தவணைப் பாக்கியைப் பற்றிப் பேச நான் எழுந்திருக்கவில்லை. நம் அங்கத்தினர் ஒருவருடைய மகள் நர்ஸ் பள்ளியில் சேர்ந்து ஆறு மாதமாகிறது. முதற் பரீட்சையில் தவறிவிட்டாள். “அவளுக்குப் படிப்பு ஏறவில்லை, அழைத்து வந்துவிடப் போகிறேன்” என்று அவர் என்னிடம் வருத்தத்துடன் கூறினார். அவ்வாறு செய்யுமுன் சற்று ஆலோசிக்க வேண்டுமென்பதே என் விண்ணப்பம்.

முதலாவது, அப்பெண் சுமப்பது இரண்டு சுமை. இங்கே தமிழில் படித்தவள் அங்கே ஆங்கிலப் புஸ்தகம் படிக்கிறாள். பாடம் புரியாததன்று, பாஷையே தடை. நாளொன்றுக்கு ஐந்து சொற்களை ஒரு சிறு நோட்டில் தமிழ்ப் பொருளுடன் எழுதிவரட்டும். ‘ஹைப்பர்’ என்று தொடங்கினால் மிகுதி. ‘ஹைப்போ’ என்றால் குறைவு. ‘ஐட்டிஸ்’ என்று முடிந்தால் அழற்சி. இம்மூன்றை அறிந்தால் அநேக சொற்களின் பொருள் தானே விளங்கும்.

இரண்டாவது, மறதி. பரீட்சைக்கு முன்னிரவு முழுதும் கண்விழித்துப் படிப்பதால் பயன் சொற்பமே. ஜெர்மனி தேசத்து எபிங்ஹாஸ் என்னும் அறிஞர் தம்மையே சோதித்து 1885-இல் வெளியிட்ட நூலில், ஒரே நாளில் பன்முறை படிப்பதைவிடப் பல நாட்களில் பகிர்ந்து படிப்பதே மனத்தில் நிலைக்குமென்று காட்டினார். இது நமக்குப் புதிதா? கத்தரிப் பாத்திக்கு ஒரு மாதத்து நீரை ஒரே நாளில் இறைப்பாருண்டோ? இன்று படித்ததை நாளையும், மூன்றாம் நாளும், அடுத்த வாரமும் புஸ்தகத்தை மூடிவைத்துத் தானே சொல்லிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, கணக்கு. நோயாளிக்கு 600 மில்லி லிட்டர் மருந்து நீரை 10 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். குழாயில் ஒரு மில்லி லிட்டருக்கு 20 சொட்டு என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 மில்லி லிட்டர், நிமிஷத்துக்கு ஒன்று, ஆகவே நிமிஷத்துக்கு 20 சொட்டு. இவ்வாறு படிப்படியாகப் பிரித்தால் எட்டாத கணக்கன்று. விடுமுறையில் வீட்டுக்கு வரும்போது பாட்டியின் நாடியை முழு நிமிஷம் எண்ணிப் பழகட்டும். ஓய்விலிருக்கும் பெரியவர்களுக்கு அது 60 முதல் 100 வரை இருப்பது இயல்பு.

மெதுவாகக் கற்பதை இழிவாக எண்ணாதீர்கள். பேரேட்டை விரைந்து எழுதும் காரியதரிசியைவிட, இருமுறை கூட்டிச் சரிபார்ப்பவரே சங்கத்துக்கு நல்லவர். கணக்குப் பிழையால் ரூபாய் போகும். மருந்துப் பிழையால் உயிர் போகும். தெரியாததைத் தெரிந்தாற்போல் நடிப்பவளன்று, “அம்மா, இன்னொரு முறை சொல்லுங்கள்” என்று கேட்பவளே நோயாளியைக் காப்பாள். நானும் மெட்ரிகுலேஷனில் கணக்கில் ஒரு முறை தவறியவன்தான். இன்று பிறர் எழுதிய கணக்கைத் தணிக்கை செய்கிறேன்!

நம் ஜில்லாவிலேயே சான்றுண்டு. டாக்டர் சௌந்தரம் அம்மையார் 1904-இல் பிறந்தவர். இளமையிலேயே கணவரை இழந்தவர். பின்னர் டில்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் மருத்துவம் பயின்று 1936-இல் முடித்தார். முப்பது வயது கடந்து டாக்டரான அவர்தாம் 1947-இல் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவினார். அங்கே கஸ்தூரிபா மருத்துவமனை எழுந்தது. காலம் தாழ்ந்து வந்த கல்வி பயனற்றதாயிற்றா?

ஆகவே பெற்றோர்களே! அடுத்த வீட்டுப் பெண்ணோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள். விடுமுறையில் களையெடுக்க அனுப்பினாலும் படிப்புக்கென ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கொடுங்கள். தவறிய பாடத்தை மீண்டும் எழுதலாம். பாதியில் நின்றுவிட்ட படிப்பைத் தொடர்வதோ அரிது. சிறுகச் சிறுகச் சேர்த்தே நம் சங்கம் வளர்ந்தது. அப்பெண்ணின் கல்வியும் அவ்வாறே வளரும், பொறுத்திருங்கள்.