அருள்மேரி எறிந்த புத்தகம்



நம் ஆண்டு மலருக்குக் கதை எழுதும் கத்தோலிக்க இளையோர் சிலர் என்னிடம் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: விசுவாசத்தைக் கதைக்குள் எப்படிக் கொண்டுவருவது? அவர்கள் கதையில் மூன்றாம் பக்கத்திலேயே ஒரு ஃபாதர் வந்துவிடுகிறார். நான்காம் பக்கத்தில் குடிகாரன் திருந்திவிடுகிறான்.

அவர்களுக்கு நான் சுட்டிக்காட்டுவது எழுத்தாளர் ஃபிளானரி ஓ'கானரை. நாம் கூடியிருக்கும் இதே அமெரிக்க ஜார்ஜியாவில், மில்லெட்ஜ்வில் ஊரை ஒட்டிய பண்ணையில் அவர் வாழ்ந்தார். அப்பாவைக் கொண்டுபோன லூபஸ் நோய் அவரையும் பிடித்தது. ஊன்றுகோலோடு நடமாடி, காலைதோறும் எழுதி, 1964-இல் 39 வயதில் காலமானார். மயில்கள் வளர்த்தார்.

பற்றுள்ள கத்தோலிக்கர்தான். ஆனாலும் அவர் கதைகளில் நடமாடுவது பெரும்பாலும் அக்கம்பக்கத்துப் புரொட்டஸ்டன்ட் ஜனங்கள். 'ரெவலேஷன்' கதையில் டர்பின் அம்மா டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கிறாள். சுற்றி இருப்பவர்களின் காலணிகளைப் பார்த்தே ஆளுக்கு ஆள் எடை போடுகிறாள். தன்னை இப்படிப் படைத்ததற்கு இயேசுவுக்கு நன்றியும் சொல்லிக்கொள்கிறாள். 'அவள் அகந்தைக்காரி' என்று ஓ'கானர் எழுதத் தேவையே இல்லை. அந்தச் செருப்புகளே போதும். என் கணக்கில் எழுத்துப் பாடம் முழுவதும் அந்த அரைப் பக்கத்தில் இருக்கிறது.

எதிரே படித்துக்கொண்டிருந்த பெண் திடீரென்று புத்தகத்தை டர்பின் அம்மாவின் முகத்தில் எறிகிறாள். பன்றி என்று திட்டுகிறாள். அந்தப் பெண்ணின் பெயர் மேரி கிரேஸ். நம் ஊரில் பிறந்திருந்தால் அருள்மேரி! தேவ அருள் இங்கே மெழுகுவர்த்தியோடு வரவில்லை, கண்ணுக்கு மேலே வீங்க வைத்துவிட்டு வருகிறது. அதை எழுத ஓ'கானருக்குக் கை கூசவில்லை. நமக்குக் கூசுகிறது; வேதத்துக்கு மரியாதைக் குறைவோ என்று பயப்படுகிறோம்.

சாயங்காலம் பன்றித் தொழுவத்தைக் கழுவியபடியே டர்பின் அம்மா கடவுளோடு சண்டை போடுகிறாள். வானத்தில் ஒரு காட்சி தெரிகிறது. அவள் இளப்பமாக நினைத்தவர்கள் ஆடிப்பாடிக்கொண்டு முன்னால் மோட்சத்துக்குப் போகிறார்கள். அவளைப் போன்ற கௌரவமானவர்கள் வரிசையின் கடைசியில், தங்கள் நற்குணங்களும் எரிந்துபோகிற முகங்களோடு.

அவள் மனம் மாறினாளா? கதை சொல்லவில்லை. குழாயை மூடிவிட்டு, இருட்டிக்கொண்டு வருகிற பாதையில் மெல்ல வீட்டுக்கு நடக்கிறாள்.