இன்னிக்கு அடிப்பானா?

(முன்னாள் மாணவர் சந்திப்பின் மாலை அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம்)



‘விளையாட்டும் வாழ்க்கையும்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருந்தார்கள். செயலாளரிடம் கெஞ்சி மாற்றிக்கொண்டேன். அந்தத் தலைப்பில் பேசுகிறவன் ஒழுங்காக விளையாடியாவது இருக்க வேண்டும். நான் இந்தக் கல்லூரி பாஸ்கெட்பால் அணியில் மூன்று வருஷம் இருந்தது உண்மை. ஆடியதைவிட பெஞ்சில் உட்கார்ந்ததுதான் அதிகம். ஸ்கோர் நோட்டு எழுதுவது என் வேலை. யார் எத்தனை ஷாட் போட்டான், எத்தனை விழுந்தது என்று கோடு போட்டுக்கொண்டே இருப்பேன். ஆகவே ஆட்டக்காரனைப் பற்றி அல்ல, ரசிகனைப் பற்றிப் பேசுகிறேன். அதில் எனக்கு சர்வீஸ் ஜாஸ்தி.

பிழைப்புக்காக நான் போய்ச் சேர்ந்த ஊர் கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்ட். கிட்டத்தில் ஓக்லந்தில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி ஆடிக்கொண்டிருந்தது. 2006 வரை தொடர்ந்து 12 சீசன் பிளே-ஆஃப் பக்கமே எட்டிப் பார்க்காத அணி அது. எதிர்பார்ப்பு கிடையாது, அதனால் ஏமாற்றமும் கிடையாது. சும்மா போய்ப் பார்த்துவிட்டு வருவோம். அந்த அணிக்கு 2009-ல் ஸ்டெஃபன் கரி வந்தார். 2011-ல் கிளே தாம்சன் வந்தார், 11-ஆவது ஆளாகத் தேர்வாகி. அவருடைய அப்பா மைக்கேல் தாம்சன் 1978-ல் முதல் ஆளாகத் தேர்வானவர், லேக்கர்ஸ் அணியில் ஆடிக் கோப்பை வாங்கியவர். பையன் அதிகம் பேசமாட்டார். பந்து கைக்கு வந்தால் தட்டிக்கொண்டு நிற்கவும் மாட்டார். வந்த வேகத்தில் எம்பி விட்டுவிடுவார்.

2015 ஜனவரி 23-ஆம் தேதி சாக்ரமெண்டோ அணிக்கு எதிராக ஒரே குவார்ட்டரில் 37 பாயிண்ட் எடுத்தார். பன்னிரண்டு நிமிஷ ஆட்டத்தில் 13 ஷாட், பதின்மூன்றும் உள்ளே. அதில் ஒன்பது மூணு பாயிண்ட் ஷாட். நோட்டு எழுதிப் பழகிய கை அல்லவா, எதிரே இருந்த மின்சார பில்லின் பின்பக்கத்தில் நான் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். எங்கேயும் பெருக்கல் குறி போட வேண்டியிருக்கவில்லை. 2016 டிசம்பரில் இண்டியானாவுக்கு எதிராக 29 நிமிஷம் மட்டும் ஆடி 60 பாயிண்ட். அந்த 60-க்கும் சேர்த்துப் பந்து அவர் கையில் இருந்த நேரம் சுமார் ஒன்றரை நிமிஷம்தான்.

இதற்கு நடுவே 2016 மே மாதம், ஓக்லஹோமாவில் ஆறாவது ஆட்டம். தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கடைசிக் குவார்ட்டர் ஆரம்பிக்கும்போது அணி பின்தங்கியிருந்தது. அந்தக் குவார்ட்டரில் மட்டும் 19 பாயிண்ட், மொத்தம் 41, அதில் 11 மூணு பாயிண்ட் ஷாட். அன்றைக்குத்தான் ‘ஆறாவது ஆட்டத்துக் கிளே’ என்ற பேர் ஒட்டிக்கொண்டது. தொடரில் ஆறாவது ஆட்டம் வந்தால் சாமி வந்தது மாதிரி ஆடுவார் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். 2018-ல் ஹூஸ்டனுக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் 35 எடுத்து அதை மெய்யாக்கியும் காட்டினார்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பொற்காலத்திலும் அவர் தினமும் அடித்தவர் இல்லை. 2018 அக்டோபரில் சீசன் ஆரம்பித்து ஏழு ஆட்டத்தில் 36 மூணு பாயிண்ட் ஷாட் போட்டு ஐந்தைத்தான் உள்ளே போட்டார். முப்பத்தாறுக்கு ஐந்து! இன்னொருவனாக இருந்தால் ஊரே காறித் துப்பியிருக்கும். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? சிரித்தோம். ‘தலைவர் சேர்த்து வைக்கிறாருடா’ என்று ஆபீஸில் பேசிக்கொண்டோம். எட்டாவது ஆட்டம் சிகாகோவில். 14 மூணு பாயிண்ட் ஷாட், லீகின் ஒரே ஆட்டச் சாதனை. சேர்த்து வைத்ததைக் கொட்டிவிட்டார் என்று நாங்களும் எங்கள் ஞானத்தை மெச்சிக்கொண்டோம்.

அப்புறம்தான் அடி விழுந்தது. 2019 ஜூன் 13, ஓக்லந்து அரங்கத்தின் கடைசி ஆட்டம், இறுதிச்சுற்றின் ஆறாவது ஆட்டம். 28 பாயிண்ட் எடுத்திருந்த நிலையில் கீழே விழுந்தபோது இடது முழங்காலின் தசைநார் கிழிந்தது. உள்ளே கூட்டிப்போனார்கள். பாதி வழியில் திரும்பி வந்து, தனக்குரிய இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டுவிட்டுத்தான் போனார். அடுத்த மாதமே ஐந்து வருஷத்துக்கு 19 கோடி டாலர் ஒப்பந்தம். 2020 நவம்பரில், திரும்பி ஆட வரும் நேரத்தில், வலது குதிகால் நரம்பு போயிற்று. மொத்தம் 941 நாள். 2022 ஜனவரி 9-ஆம் தேதி மறுபடி கோர்ட்டுக்குள் வந்தபோது நான் அழுதேன், சொல்ல வெட்கமில்லை. அன்றைக்கு அவர் 17 பாயிண்ட்தான் எடுத்தார். பூஜ்யம் எடுத்திருந்தாலும் அழுதிருப்பேன். அந்த வருஷம் அணி கோப்பையும் வென்றது.

கதை அங்கே முடிந்திருந்தால் நல்லது. ரசிகன் முடிக்க விடமாட்டான்.

2022-23 சீசன் ஆரம்பத்தில் ஷாட் விழவில்லை. ‘சேர்த்து வைக்கிறார்’ என்று இப்போது ஒருவரும் சொல்லவில்லை. ‘ரெண்டு காலும் போச்சு, ஆள் முடிஞ்சுது’ என்றோம். அந்த சீசன் முடிந்தபோது லீகிலேயே அதிகமாக 301 மூணு பாயிண்ட் ஷாட் போட்டிருந்தார். ‘பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்’ என்றோம். மே மாதம் லேக்கர்ஸுக்கு எதிராக ஆறாவது ஆட்டம் வந்தது. பழைய பேரை எல்லோரும் ஜபித்தோம். 19 ஷாட் போட்டு மூன்று விழுந்தது, எட்டு பாயிண்ட். ‘முடிஞ்சுது’ என்றோம். ஏழு மாதத்தில் மூன்று தீர்ப்பு. நீதிபதி ஒரே ஆள்தான்.

கணக்குத் துறை மாணவர்கள் இருக்கிறீர்கள், சரிபார்த்துச் சொல்லுங்கள். நூற்றுக்கு நாற்பது ஷாட் விழுகிற ஒருவன், ஆட்டத்துக்குப் பத்து ஷாட் போடுகிறான் என்று வையுங்கள். பத்தில் ஒன்றோ பூஜ்யமோதான் விழும் என்பதற்கு வாய்ப்பு நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து. ஒரு சீசனுக்கு 82 ஆட்டம். ஆகவே உடம்பிலும் மனசிலும் ஒரு குறையும் இல்லாமலே வருஷத்துக்கு நாலு நாள் அவன் அப்படித்தான் ஆடுவான். கிளேயின் விகிதம் 2015-16-ல் 42.5 சதவிகிதம், 2022-23-ல் 41.2, 2023-24-ல் 38.7. இறங்கியது உண்மை. இறங்கியது நூறு ஷாட்டுக்கு நாலு ஷாட். எங்கள் பொறுமை இறங்கிய அளவுக்கு அது கணக்கே இல்லை.

முழுக்க நியாயம் பேசவேண்டுமென்றால் இன்னொன்றும் உண்டு. பழைய நாளில் ஷாட் விழாத ராத்திரியிலும் அவர் எதிரணியின் சிறந்த கார்டைத் துரத்தித் துரத்தி மடக்குவார். இரண்டு காலிலும் அடிபட்ட பிறகு அந்த ஓட்டம் குறைந்துவிட்டது. முன்பு தவறிய ஷாட்டுக்கு மறுமுனையில் ஈடு இருந்தது, இப்போது இல்லை. போதாக்குறைக்கு சம்பளம். 2023-24-க்கு 4 கோடி 30 லட்சம் டாலருக்கு மேல். ஒவ்வொரு தவறுக்கும் நாங்கள் விலை போட ஆரம்பித்தோம், என்னவோ எங்கள் பாக்கெட்டிலிருந்து கொடுத்த மாதிரி. 2024 பிப்ரவரியில், முதல் சீசனுக்குப் பிறகு முதல் தடவையாக, அவரை பெஞ்சில் உட்காரவைத்தார்கள். பெஞ்சிலிருந்து எழுந்து போய் யூட்டாவுக்கு எதிராக 35 பாயிண்ட் எடுத்தார். அதற்கும் எங்களிடம் பதில் இருந்தது: ‘இதை முன்னாடியே செஞ்சிருக்கலாமே!’

2024 ஏப்ரல் 16, சாக்ரமெண்டோ. தோற்றால் சீசன் முடிந்தது. பத்து ஷாட், ஒன்றும் விழவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எந்த அணிக்கு எதிராகப் பதின்மூன்றுக்குப் பதின்மூன்று போட்டாரோ அதே அணி. டிவி முன்னால் உட்கார்ந்து ‘போதும், வெளியே உக்காருடா’ என்று கத்தினேன். கத்தின பிறகு சுருக்கென்றது. இந்த வார்த்தையை நான் முன்னாலேயே ஒருத்தனிடம் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் செட்டில் ஒருத்தன் இருந்தான். பேர் சொன்னால் எழுந்து போய்விடுவான், வேண்டாம். இரண்டாம் வருஷம் ஒரு பைனலில் கடைசி வினாடியில் ஷாட் போட்டுக் கோப்பையை வாங்கித் தந்தவன். ஹாஸ்டலில் ஒரு மாதம் அவனை டீக்குக் காசு கொடுக்க விடவில்லை. அன்றையிலிருந்து எந்த ஆட்டத்துக்குப் போனாலும் ஒரே கேள்விதான், ‘இன்னிக்கு அடிப்பானா?’ அந்த ஒரு ஷாட்டை அவன் தினமும் திருப்பிப் போடவேண்டும் என்று எதிர்பார்த்தோம். அடுத்த வருஷம் வெளியூரில் ஒரு செமி பைனல். ஷாட் விழவில்லை. பெஞ்சிலிருந்து, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, நான் கத்தினேன். அவன் திரும்பிப் பார்த்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் பக்கத்து சீட் காலியாக இருந்தது. அது என் சீட். நான் முன்னால் போய் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். அதற்குப் பிறகு அவன் கோர்ட்டுக்கு வரவில்லை. ஏன் என்று கேட்கவும் இல்லை, நாங்கள் யாரும்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. இந்தப் பேச்சுக்காக எடுத்துப் பார்த்தேன். கோப்பை வாங்கின ஆட்டத்தில் அவன் 15 ஷாட் போட்டு ஆறு விழுந்திருக்கிறது. தோற்ற ஆட்டத்தில் 14-க்கு ஐந்து. என் கையெழுத்துத்தான், நானேதான் எழுதியிருக்கிறேன். அன்றைக்கு அதை யார் படித்தது?

கிளே 2024 ஜூலையில் டாலஸ் அணிக்குப் போய்விட்டார். அவர் வாரியர்ஸில் போட்டிருந்தது 11-ஆம் நம்பர். நவம்பர் 12-ஆம் தேதி, முதுகில் 31-ஆம் நம்பரோடு, பழைய ஊரில் எதிரணிக்காரராக ஆட வந்தார். வாரியர்ஸில் இருந்தபோது சான் பிரான்சிஸ்கோ அரங்கத்துக்குப் படகில் வரும் பழக்கம் அவருக்கு இருந்தது. அதனால் கேப்டன் தொப்பி அவருடைய அடையாளம். அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அந்தத் தொப்பியைக் கொடுத்தார்கள். நானும் ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டேன், ஏப்ரலில் கத்தின அதே தலையில். அவர் ஆறு மூணு பாயிண்ட் ஷாட் போட்டு 22 பாயிண்ட் எடுத்தார். ஒவ்வொன்றும் எங்களுக்கு எதிராக விழுந்தது. என் பக்கத்தில் இருந்தவர் தவறின ஷாட்டுக்கும் கை தட்டினார். கடைசியில் வாரியர்ஸின் 12 பாயிண்டையும் கரியே எடுத்து 120-117 என்று ஜெயித்துவிட்டோம். ஜெயித்தது இரண்டாம்பட்சமாகத்தான் பட்டது. இனி அவரிடமிருந்து எங்களுக்கு வரவேண்டிய பாக்கி ஒன்றுமில்லை. அதனால் பார்க்க நன்றாக இருந்தது.

செயலாளர் மணியைப் பார்க்கிறார். ஒரு அறிவிப்பு மட்டும். நான் சொன்ன நண்பன் இன்றைக்கு வந்திருக்கிறான், முப்பத்தெட்டு வருஷம் கழித்து. முழங்கால் வலி, சர்க்கரை எல்லாம் உண்டு. நாளைக்குக் காலை ஆறரை மணிக்குப் பழைய கோர்ட்டுக்கு வருகிறேன் என்று மத்தியானம் சாப்பிடும்போது சொன்னான். மாணவர்கள் யாராவது ஒரு பந்தும், காற்றடிக்கிற பம்ப்பும் கொண்டுவந்தால் உதவியாக இருக்கும். நோட்டை நான் ரூமிலேயே வைத்துவிட்டு வருகிறேன்.